வீதிப் பாதுகாப்புச் செம்மலுக்கு ஒரு வாழ்த்து மடல்

மரியாதை என்ற அரிய பண்பு இவ்வுலகில் இன்னும் அழிந்துவிடவில்லை என்பதற்கு ஒரேயொரு சான்று போதும்: அரசியல்வாதியின் காரைத் தெரியாத்தனமாக மறித்துவிட்ட பொலிஸ்காரரின் முகம். அந்த முகத்தில் அப்போது தோன்றும் கூச்சம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலை மிதித்துவிட்டவருக்குக்கூட வராது. சாதாரண மனிதர் வேகமாக ஓட்டினால் அது குற்றம். மக்கள் பிரதிநிதி வேகமாக ஓட்டினால் அது மக்கள் சேவை. இந்த நுட்பமான வேறுபாட்டை லண்டனில் உள்ளவர்கள் அறியமாட்டார்கள் என்று ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். வந்த புதிதில், "இந்த நாட்டில் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தும் சொன்னார்கள். அந்த அவதூறைத் துடைக்கும் நோக்கத்துடனேயே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

சிவமலர் இந்த உண்மையைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. லண்டனில் மோர்டன் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலை வாசலில், காலையிலும் பின்னேரமும் அரை மணி நேரம், மஞ்சள் கோட்டும் கையில் வட்டப் பலகை பொருத்திய நீண்ட தடியுமாக நின்று பிள்ளைகளை வீதியைக் கடக்கவிடுவது அவர் வேலை. பலகையில் 'நில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பிள்ளைகள் அவரை 'லொலிபொப் அன்ரி' என்பார்கள். மழையிலும் பனியிலும் நிற்க வேண்டும், சம்பளமோ சொல்லும்படியாக இல்லை. அந்த வேலைக்கு விண்ணப்பித்த ஒரே ஆள் அவர்தான்.

விண்ணப்பித்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு கார்த்திகை மாதத்துப் பின்னேரம், அவருடைய கணவர் தில்லையம்பலம் எதிர்ப்பக்கக் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அதே இடத்தில்தான் வீதியைக் கடந்தார். வந்த காரின் பின் இருக்கை நிறையத் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள். ஓட்டியவர் ஒரு கட்சியின் அமைப்பாளர். வேட்பாளர் காத்துக்கொண்டிருந்தார், பாவம். அவருடைய அவசரத்தைப் பொலிசார் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டார்கள். தில்லையம்பலத்துக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. இருந்தாலும் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

விசாரணைக்கு வந்தவர் சார்ஜண்ட் ஹோப்வெல். வாசலில் நின்றபடி, தொப்பியைக் கழற்றாமல், சிவமலரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உங்கள் கணவரின் கோட் என்ன நிறம்?"

"மண்ணிறம்."

சார்ஜண்ட் அதை எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டார். அறிக்கை வந்தது: 'பாதசாரி மண்ணிறக் கோட் அணிந்திருந்தார். மாலை வெளிச்சத்தில் சாரதிக்கு அந்த நிறம் தெரிய வாய்ப்பில்லை.' தில்லையம்பலம் அந்தக் கோட்டைப் பதினொரு வருஷம் போட்டவர். அது ஒரு நாளும் வேகமாகப் போனதில்லை. ஆனாலும் குற்றவாளி அகப்பட்டுவிட்டதால் விசாரணை முடிந்தது.

அந்த இடத்தில் சிக்னல் விளக்கு வேண்டும் என்று சிவமலர் கவுன்சிலுக்கு ஒன்பது விண்ணப்பம் எழுதினார். (எந்தக் கவுன்சில் என்று பெயரைச் சொன்னால் அதற்குத் தலைக்கனம் கூடிவிடும், விடுவோம்.) ஒன்பதுக்கும் ஒரே பதில்: 'போதிய சம்பவங்கள் இல்லை. மூன்று வருடங்களுக்குள் மூன்று சம்பவங்கள் தேவை. தற்போது ஒன்று மட்டுமே உள்ளது.' மீதி இரண்டும் நடக்காமல் பார்க்கத்தான் அவர் தடியைக் கையில் எடுத்தார். எடுத்த நாளிலிருந்து புள்ளிவிபரம் ஓர் அங்குலமும் முன்னேறவில்லை. சமூக முன்னேற்றத்துக்கு இப்படியும் சிலர் தடையாக நிற்பதுண்டு.

கவுன்சிலின் வீதிப் பாதுகாப்புக் குழுத் தலைவர் கௌரவ கவுன்சிலர் நித்தியானந்தன் அவர்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் தமிழர். அதற்கு முன் கவுன்சிலின் குப்பை லொறியில் முன் இருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட முதல் தமிழர். எங்கள் ஆட்கள் நிலவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. போகும் வழியில் எதற்காவது 'முதல் தமிழர்' ஆகிவிட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு நாற்பத்தாறு. சிவமலர் நடு வீதியில் தடியை ஊன்றி நின்றார். ஐந்து பிள்ளைகள் நடைபாதை விளிம்பில் நின்றார்கள். முதலாவது பிள்ளையின் கால் வீதியில் இறங்கிவிட்டது. அப்போதுதான் கறுப்புக் கார் வந்தது. நிற்கவில்லை. அதன் பக்கக் கண்ணாடி வட்டப் பலகையில் அடித்து, பலகை முறிந்து, சக்கரம்போல உருண்டு உருண்டு போய், முப்பது மீற்றர் தள்ளி நின்ற பொலிஸ் வானின் முன்னால் விழுந்தது. சிவமலரின் கையில் தடி மட்டும் மிஞ்சியது. மற்றக் கையில் முதலாவது பிள்ளையின் சட்டைக் கொலர்.

வானுக்குப் பக்கத்தில் வேகம் அளக்கும் கருவியோடு நின்றவர் சார்ஜண்ட் ஹோப்வெல். மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓடக் கூடாத வீதி. கருவி நாற்பத்துநாலு என்றது. காரை மறித்தார். கண்ணாடி இறங்கியது. உள்ளே யார் என்று கண்டதும் சார்ஜண்ட் தொப்பியைக் கழற்றினார்.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதன் சாரம் இது:

"கௌரவ கவுன்சிலர் அவர்களே, தங்களை நிறுத்தியதற்கு மன்னிக்க வேண்டும்."

"பரவாயில்லை சார்ஜண்ட். நீங்கள் உங்கள் கடமையைச் செய்கிறீர்கள்."

"ஐயோ, அப்படி ஒன்றும் செய்துவிடவில்லை."

"கருவி என்ன சொல்கிறது?"

"நாற்பத்துநாலு என்கிறது. அதற்குக் காலையிலிருந்தே உடம்பு சரியில்லை."

"எனக்கு ஒன்பது மணிக்கு வீதிப் பாதுகாப்புக் குழுக் கூட்டம். நான் போகாவிட்டால் தொடங்கமாட்டார்கள்."

"அடடா, அப்படியானால் வீதிப் பாதுகாப்பு உங்களால் அல்லவா தாமதமாகிறது!"

சார்ஜண்ட் வானில் ஏறினார். நீல விளக்குச் சுழன்றது. வான் முன்னே போக, கார் பின்னே போனது. புறப்படுமுன் ஜன்னலால் தலையை நீட்டி, "குளிர் நாள், கவனமாக ஓட்டுங்கள்" என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை. பதிவேட்டில் இது 'வாய்மொழி அறிவுரை வழங்கப்பட்டது' என்று ஏறியது.

சட்டம் தூங்கிவிட்டதென்று யாரும் நினைக்கக் கூடாது. சார்ஜண்ட் நடைபாதையில் விட்டுச் சென்ற இளம் பொலிஸ்காரர் ஒருவர் அடுத்த வாகனத்தை மறித்தார். அது அப்டன் பார்க்கிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த ரதீசனின் வான். வேகம் இருபத்தாறு. லைசென்ஸ், இன்சூரன்ஸ், நாலு டயர், கடைசியில் வாழைக்காய்ப் பெட்டி கட்டியிருந்த கயிறு என்று எல்லாம் பார்த்து, அபராதச் சீட்டு எழுதப்பட்டது.

"சேர், எனக்கு முன்னாலை ஒரு கறுப்புக் கார் பறந்து போச்சுதே?" என்று ரதீசன் தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்தக் கார்?"

"உங்கடை வானுக்குப் பின்னாலை போச்சுதே, அந்தக் கார்."

"அது பொலிஸ் நடவடிக்கை."

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் முறிந்த பலகை கவுன்சிலின் சொத்து. தலைமை ஆசிரியை அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். சொத்து முறிந்தால் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தின் அடியில் தடி பிடித்தவரின் வாக்குமூலமும் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கோப்பை மூட முடியாது. மூடாத கோப்பை யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள்.

ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் இருவர் சிவமலர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் றமணன்: கவுன்சிலரின் உதவியாளர், தமிழர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். மற்றவர் சார்ஜண்ட் ஹோப்வெல். இந்த முறை அவர் தொப்பியை மட்டுமல்ல, சப்பாத்தையும் வாசலில் கழற்றினார். வந்தவுடன் சிவமலரின் வீட்டுத் திரைச்சீலையைப் புகழ்ந்தார். அதன் நிறம் நன்றாக இருக்கிறதாம். நிறத்தில் அவருக்கு எப்போதும் ஓர் ஈடுபாடு உண்டு.

"அக்கா, ஒரு சின்னக் கையெழுத்து," என்று றமணன் தாளை நீட்டினார். 'வாகனம் முறைப்படி நின்றது. பலகை காற்றில் முறிந்தது' என்று ஏற்கெனவே அடித்திருந்தது.

"தம்பி, செவ்வாய்க்கிழமை காத்து அடிக்கேல்லை."

"லண்டன் காத்து அக்கா. அது எப்ப அடிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"தடி என்ர கையிலையெல்லோ இருந்தது. எனக்குத் தெரியும்."

றமணன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அக்கா, வடிவாக் கேளுங்கோ. வாற வியாழன் குழுக் கூட்டத்திலை உங்கடை சிக்னல் லைற் நிகழ்ச்சி நிரலிலை இருக்கு. நித்தி அண்ணை கையைத் தூக்கினா மற்றவையும் தூக்குவினம். ஆனா அவருக்குத் தோள்மூட்டு நோ. மனம் சந்தோசமா இருந்தால்தான் கை மேலை போகும்."

சிவமலர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். கேத்தல் கொதிக்க மூன்று நிமிடம். ஒரு கையெழுத்து வைத்தால் அந்த இடத்தில் விளக்கு வரும். விளக்குக்குக் காய்ச்சல் வராது, முழங்கால் நோகாது, ஓய்வூதிய வயது வராது. வைக்காவிட்டால், தான் விழும் நாள்வரை தடி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வைத்தாலோ, மண்ணிறக் கோட் தில்லையம்பலத்தைக் கொன்ற மாதிரி, காற்றுத்தான் பலகையை முறித்தது என்றாகிவிடும். கேத்தல் தானாக நின்றது. அந்த வீட்டில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தேத்தண்ணியும் வடையும் வைத்த தட்டத்தோடு வந்து, "எப்ப வேணும்?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அக்கா. அண்டைக்கு நித்தி அண்ணைக்குப் பாராட்டு விழா. 'வீதிப் பாதுகாப்புச் செம்மல்' எண்டு பட்டம் குடுக்கிறம்."

"ஆர் குடுக்கிறது?"

"எங்கடை சங்கம்."

"ஆர் கேட்டது?"

"நித்தி அண்ணைதான்." றமணன் வடையைக் கடித்தார். "சேருக்கும் 'மனிதநேயக் காவலர்' எண்டு பொன்னாடை போர்க்கிறம். எல்லாம் சரி அக்கா, வாழ்த்து மடல் எழுதத்தான் ஆள் இல்லை. தில்லையம்பலம் அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலை நீங்கள் எழுதினதைப் பாத்து நான் அழுதனான்."

"வாசிச்சனியோ?"

"அட்டையைப் பாத்தனான் அக்கா. அதுக்கே அழுகை வந்திட்டுது."

சிவமலர் வடைத் தட்டத்தை அவர் பக்கம் தள்ளினார். "அப்ப ரெண்டையும் நானே எழுதித் தாறன் தம்பி. வாக்குமூலம், வாழ்த்து மடல். என்ர சொல்லிலை எழுதிக் கையெழுத்தும் வைச்சு, கண்ணாடிச் சட்டமும் போட்டு ஞாயிற்றுக்கிழமை நேரை மண்டபத்துக்குக் கொண்டுவாறன்."

"அவர் சம்மதம் தருகிறார்," என்று றமணன் சார்ஜண்டுக்கு மொழிபெயர்த்தார். சார்ஜண்ட் இரண்டு கைகளாலும் சிவமலரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மூன்றாவது வடையையும் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மகள் கௌசி வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்பவள். தாய் எழுதியதை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும்படி கேட்டபோது, வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அம்மா, இது பேசிக்கலி ஒரு சார்ஜ் ஷீட்."

"இல்லைப் பிள்ளை, வாழ்த்து. ஒவ்வொரு பந்தியும் 'வாழ்க' எண்டுதானே முடியுது."

"லைற் வராட்டி?"

"வராட்டி நான் நிப்பன்."

கௌசி கண்ணாடியைத் திரும்பப் போட்டாள். மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள்.

வாழ்த்து மடல் என்பது எங்கள் விழாக்களின் உயிர். தங்கக் கரை அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, உரத்த குரலில் இழுத்து வாசித்து, விழா நாயகர் கையில் கொடுக்கப்படும். அதற்கு மூன்று நியதிகள் உண்டு. சட்டம் போட்ட மடலை யாரும் முன்கூட்டி வாசித்துப் பார்ப்பதில்லை. வாசிக்கும்போது சபையோர் கேட்பதில்லை. 'வாழ்க' என்று குரல் உயரும் இடத்தில் கைதட்டுவார்கள். தன் புகழைத் தானே கேட்பது தற்பெருமை என்பதால் நாயகரும் அந்த நேரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு மணி விழா, வழமைபோலச் சரியாக ஐந்து நாற்பதுக்குத் தொடங்கியது. முந்நூறு பேர். குத்துவிளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. யூடியூப்பில் நேரடி ஒளிபரப்பு. சிவமலர் கொண்டுவந்த சட்டத்தைப் பார்த்த றமணன், "கரை நல்ல வடிவு அக்கா" என்றார். அவர் அட்டையைத் தாண்டாதவர். சபையில் மட்டின் ரோல்ஸ் பரிமாறத் தொடங்கிய நல்ல நேரத்தில் மடலை வாசிக்க எழுந்தார்.

"இருபது மைல் வீதியில் நாற்பத்துநாலு மைல் வேகத்தில் வந்தும், ஐந்து பிள்ளைகளையும் ஒரு கிழவியையும் தட்டாமல், 'நில்' என்ற பலகையை மட்டும் முறித்துச் சென்ற பெருந்தகையே, வாழ்க!"

கைதட்டல். கவுன்சிலர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கும்பிட்டார்.

"மறித்த பொலிசே மன்னிப்புக் கேட்டு, நீல விளக்குப் போட்டு, வீதிப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு வழிகாட்டிச் செல்லும் பேறு பெற்ற முதல் தமிழரே, வாழ்க!"

'முதல் தமிழர்' என்றதும் கைதட்டல் இரண்டு மடங்கானது. ஒருவர் விசிலடித்தார். றமணனுக்கு மட்டும் ஏதோ உறைத்தது. ஆனால் நேரடி ஒளிபரப்பு, நிறுத்த ஏலாது. தப்புவதற்கு ஒரே வழி சீக்கிரம் முடிப்பது. இருபது மைலில் தொடங்கிய வாசிப்பு நாற்பத்துநாலைத் தொட்டது.

"காரை நிறுத்தினார் என்று பொய்க் கையெழுத்து வைத்தால் சிக்னல் விளக்குத் தருவதாக, ஒரு விதவையின் வீட்டுக்கே பொலிசோடு ஆள் அனுப்பிய கருணைக் கடலே, வாழ்க, வாழ்க! இவண், சிவமலர் தில்லையம்பலம், கடவைக் காவலர், நேரில் கண்ட சாட்சி."

சபை எழுந்து நின்று கைதட்டியது. கவுன்சிலர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஏற்புரைக்கு வந்தார். றமணன் அவருடைய கோட் நுனியை இழுத்தார். படத்துக்கு ஒதுங்கச் சொல்கிறான் என்று நினைத்துக் கவுன்சிலர் சிரித்தார்.

"இந்த மடலிலை சொன்ன அவ்வளவுக்கும் நான் தகுதியானவனோ தெரியாது. ஆனா அன்பாலை சொன்னது. ஒரு வரி விடாமல் ஏற்றுக்கொள்ளுறன். இதையெல்லாம் நான் தனிய செய்யேல்லை. எல்லாத்திலையும் எனக்குப் பக்கபலமா நிண்டவர் தம்பி றமணன். சார்ஜண்ட் ஹோப்வெல் இல்லாட்டி இதிலை ஒண்டும் நடந்திருக்காது!"

தன் பெயர் காதில் விழுந்ததும் சார்ஜண்ட் எழுந்து தலை குனிந்தார். மடலில் என்ன இருக்கிறது என்று தானும் அறிய விரும்புவதாகச் சொன்னார். கௌசி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் ஆங்கிலத்தில் வாசித்தாள்.

தமிழில் வாசித்தபோது கைதட்டிய சபைக்கு ஆங்கிலத்தில் வாசித்தபோதுதான் தமிழ் விளங்கியது. ரோல்ஸ் வாயிலேயே நின்றது. பிள்ளைகள் அழுவதை நிறுத்தினார்கள். கவுன்சிலர் முதல் முறையாகச் சட்டத்தைத் திருப்பி வாசித்துப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். வாழைக்காய் வான் ரதீசன்.

பிறகு நடந்தவை வரலாறு. ஒளிபரப்பை இரண்டு நாளில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். வியாழக்கிழமை குழுக் கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை, தோள்மூட்டு நோவாம். மற்ற ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். சிக்னல் விளக்கு நாலு நிமிடத்தில் நிறைவேறியது. கருவியும் குணமடைந்து, நாற்பத்துநாலு என்று சொன்னது உண்மைதான் என ஒப்புக்கொண்டது. 'இதிலிருந்து பாடங்கள் கற்றுக்கொள்ளப்படும்' என்று பொலிசார் அறிவித்தார்கள். யார் கற்பிப்பார் என்று அறிவிக்கவில்லை.

ஆனால் அன்று மண்டபத்தில் நிகழ்ச்சி நிரலின் பதினோராவது இலக்கம் மிச்சமிருந்தது: 'மனிதநேயக் காவலருக்குப் பொன்னாடை போர்த்தல்.' எங்கள் விழாக்களில் வானம் இடிந்து விழுந்தாலும் நிகழ்ச்சி நிரல் நிற்காது. தங்கக் கரை போட்ட செம்மஞ்சள் பொன்னாடை தட்டத்தில் காத்திருந்தது. போர்த்த வேண்டியவர் றமணன், அவரைக் காணவில்லை. சிவமலர் எழுந்து மேடைக்குப் போனார். சார்ஜண்ட் தன் கருநீலச் சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

சிவமலர் பொன்னாடையை விரித்து அவருடைய தோளில் போட்டு, இரண்டு பக்கமும் சரிசெய்தார். பிள்ளைகளின் கோட்டுக்கு அவர் பொத்தான் பூட்டிவிடுவதும் இப்படித்தான். பிறகு கௌசியைப் பார்த்து, "சேருக்கு வடிவா விளங்கப்படுத்து பிள்ளை" என்று சொல்லிவிட்டு, சார்ஜண்டின் பக்கம் திரும்பினார்.

"சேர், உங்கடை உடுப்பும் கறுப்பாத்தான் கிடக்கு. வெளியிலை இருட்டிப்போச்சுது. வீட்டை போய்ச் சேருமட்டும் இதைக் கழட்டாதேங்கோ. எங்கடை றோட்டிலை உங்களை ஒரு பெரிய மனிசன் தட்டிப்போட்டுப் போனால், பிறகு வாற பொலிஸ் உங்கடை மனிசியிட்டை உடுப்பின்ர நிறத்தைத்தான் கேக்கும்."